நகை போட்டாச்சுன்னா வாப்பா சொத்துல பங்கு போயிடுமா?

கேள்வி: வாப்பா மௌத்தாகி 2 வருஷம் ஆச்சு. உம்மா, 2 காக்கா (அண்ணன்), நான், அவ்வளவுதான் வாரிசு. வீடு ஒண்ணு, வாடகைக்கு விட்ட கடை 2, எல்லாம் வாப்பா பேர்ல. உனக்கு 40 பவுன் போட்டாச்சு, வாப்பா எங்களுக்கு வாயாலயே ஹிபா (தானம்) கொடுத்துட்டாருன்னு காக்காமார் சொல்றாங்க. மதினி பேசுற பேச்சு தாங்க முடியல. இப்ப பட்டா மாத்தணும், கையெழுத்து போட வான்னு கூப்பிடுறாங்க.

பதில்: சகோதரி, மதினி பேசினது கோர்ட்டுக்கு வேண்டாத கதை, விடுங்க. 40 பவுனும் அப்படித்தான், சீர் வேற, வாரிசுப் பங்கு வேற. குறைவோ அதிகமோ பெண்ணுக்கும் விதிக்கப்பட்ட பங்கு இருக்குன்னு குர்ஆன்ல அந்நிஸா 4:7 சொல்லுது, அதை யாரும் நகையால கழிக்க முடியாது. வாப்பா கடனை அடைச்ச பிறகு மொத்தத்தை 40 பங்கா வச்சா உம்மாவுக்கு 5, காக்காமாருக்கு தலா 14, உங்களுக்கு 7.

பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கடை வாடகை கடைசி வரைக்கும் யார் கைக்குப் போச்சு? வாய்மொழி ஹிபா செல்லும்தான், ஆனா சொத்தை அப்பவே ஒப்படைச்சிருக்கணும். வாப்பாவே வாடகை வாங்கிட்டு இருந்தார்னா அந்த ஹிபா நிக்கிறது கஷ்டம், அதனால பழைய வாடகை ரசீது, வீட்டுவரி ரசீது எல்லாத்தையும் இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க.

எனக்கு பயமே அந்த கையெழுத்துதான். பட்டாவுக்குன்னு கூட்டிட்டுப் போவாங்க, ஆனா போய் நிக்கிறது சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல, கேமரா முன்னாடி உட்கார வச்சு விரல் ரேகை எடுத்து முடிஞ்சப்புறம்தான் அது உங்க பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம்னே தெரியும். இப்படி வந்த கிளையன்ட் எத்தனை பேர், "காக்கா சொன்னாங்க, படிக்கல சார்"னு அழுவாங்க. படிக்கலைன்னு சொன்னா பதிவான பத்திரம் தானா ரத்தாகாது, ஏமாத்தினதை நீங்கதான் நிரூபிக்கணும், அதுவும் விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும். வாப்பா உயிரோட இருந்தப்பவே பணம் வாங்கிட்டு "பங்கு வேண்டாம்"னு எழுதிக் கொடுத்திருந்தா அதையும் மறைக்காம வக்கீல்கிட்ட சொல்லிடுங்க, 1973ல குலாம் அப்பாஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அப்படி வாங்கினவங்க திரும்ப பங்கு கேக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு.

வெளிப்படையா சொல்றேன், பாகப்பிரிவினை கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும், கடைய ரெண்டா வெட்டியும் கொடுக்க முடியாது. ஜமாஅத்துல ரெண்டு பெரியவங்களை வச்சு இன்னைக்கு மார்க்கெட் ரேட்ல 7 பங்குக்கான பணத்தைக் கேளுங்க, கொஞ்சம் குறைச்சாலும் ஒத்துக்கலாம், ஆனா பணம் பேங்க்ல ஏறின பிறகுதான் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து. உம்மா இருக்கும்போதே முடிச்சிடுங்க, அவங்க காலத்துக்கப்புறம் அந்த 5 பங்குக்கும் இதே பேச்சு திரும்ப ஆரம்பிக்கும்.