சேர்லிஃப்டில் இருந்து விழாமல் இறங்க முடியுமா?

கேள்வி: ஸ்னோபோர்டு (இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனியில் வழுக்குவது) பழக ஆரம்பித்திருக்கிறேன். சரிவில் ஓரளவு சமாளித்துவிடுகிறேன். ஆனால் சேர்லிஃப்டில், அதாவது ஆட்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட நாற்காலியில், மேலே போய் இறங்கும் இடத்தில் தவறாமல் விழுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அவரை விடுங்கள்! பிடித்துக்கொண்டால் இரண்டு பேரும் விழுவது உறுதி.

லிஃப்ட் மேல் பழி போடாதீர்கள், சிக்கல் ஒற்றைக்காலில் இருக்கிறது. நீங்கள் பழகியதெல்லாம் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு. இறங்கும்போதோ முன்கால் மட்டும்தான் பைண்டிங்கில் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடி) இருக்கும், பின்கால் சும்மா கிடக்கும். இதைத் தனியாகப் பழகுகிறவர்கள் குறைவு. கீழேயே, முடிவில் சமதளமாக இருக்கும் ஒரு சின்னச் சரிவில், பின்காலைப் பின் பைண்டிங்கை ஒட்டிப் பலகைமேல் வைத்து, பலகை தானாக நிற்கும்வரை நேராக வழுக்கிப் பாருங்கள். அலுக்கும் அளவுக்குச் செய்யுங்கள்.

அப்புறம் நாற்காலி. முதுகுப்பையைக் கழற்றி மடியில் வையுங்கள், வார் எங்காவது மாட்டினால் வம்பு. பாதுகாப்புக் கம்பியைத் தூக்கச் சொல்லும் அறிவிப்பு வந்ததும் தூக்கிவிட்டு, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: நேராக உட்கார்ந்தபடியே இருந்தால் பலகை குறுக்காகப் போய்ப் பனியில் விளிம்பு மாட்டும், நீங்கள் கவிழ்வீர்கள். பலகை போகும் திசையை நோக்கி, முனை சற்று மேலே தூக்கியபடி இருக்கட்டும். அது பனியில் படிந்து, எழச் சொல்லிக் குறித்த இடமும் வந்ததும் பின்காலைப் பலகைமேல் வைத்து, இருக்கையைக் கையால் லேசாகத் தள்ளி எழுந்து, எடையை முன்காலில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, காலைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நேராகப் போங்கள். திரும்புவது, பிரேக் போடுவதெல்லாம் சரிவு முடிந்த பிறகு.

எந்த லிஃப்ட் என்பதும் முக்கியம். சில லிஃப்டுகளில் நாற்காலி நிலையத்துக்குள் வந்ததும் கம்பிவடத்தை விட்டுக் கழன்று நடை வேகத்துக்கு இறங்கிவிடும்; வடத்தோடு நிரந்தரமாகப் பிணைத்த வகையில் அந்தச் சலுகை கிடையாது, நாற்காலி வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்திலேயே உங்களை இறக்கிவிட்டுப் போகும். முதல் வகை இருந்தால் அதிலேயே பழகுங்கள். இல்லாவிட்டால் ஏறும்போதே ஆபரேட்டரிடம் “புதுசு, கொஞ்சம் மெதுவாக விடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை, அவர்கள் தினமும் கேட்பதுதான்.

சரி, விழுந்தே விட்டால்? கையை விரித்து ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். அடுத்த நாற்காலி வருகிறது என்பதால் தலையைத் தாழ்த்தித் தவழ்ந்தாவது பக்கமாக ஒதுங்குங்கள். எழுந்து பனியைத் தட்டுவது அப்புறம். எழ வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் மட்டும் குதிக்கவே கூடாது. அப்படியே உட்கார்ந்திருங்கள்: இறங்காமல் போகும் ஆளின் கால் பட்டதும் லிஃப்டை நிறுத்தும் தடுப்பு சற்றுத் தள்ளி இருக்கும், ஆபரேட்டர் வந்து இறக்கிவிடுவார்.