கடற்பீச்சி வந்தேறியா? கேள்வி பதில்

வாழைச்சேனை: சேர், கட்டி வச்ச போட்டுக்கு அடியில கறுத்த பை மாதிரி கொத்தா ஒட்டியிருக்கு. தொட்டா தண்ணி பீச்சுது. வெளிநாட்டுச் சாமானா?

தம்பி, அது அசிடியன், கடற்பீச்சி. ரெண்டு வாய் இருக்கும். ஒன்றால தண்ணிய இழுத்து, இரையை வடிச்சு, மற்றதால விடும். நிறத்தை வச்சு பேர் சொல்லக்கூடாது. தண்ணிக்குள்ள வாய் விரிஞ்சிருக்கக்குள்ளயே விளிம்பு மடலை எண்ணுங்க. ரெண்டு வாயிலயும் நாலு நாலெண்டா ஸ்டியெலா, ஹெர்ட்மேனியா எண்ட பேரினங்களின்ர பக்கம். கூடுதலா இருந்து, தோலும் கறுத்து வழுவழுப்பா இருந்தா, செங்கடலில இருந்து 1816இல் விலங்கியலாளர் சாவினி விவரிச்ச ஃபலூசியா நைக்ரா எண்ட இனமாகலாம். உறுதிக்கு வெட்டி, செவுள் கூடையையும் (தண்ணி வடிக்கிற உள் சல்லடை) குடல் வளைவையும் பார்க்கவேணும். மெந்தோல் (menthol) எண்ட மருந்துப் பளிங்கு போட்ட கடல்நீரில சில மணித்தியாலம் மயக்கிப்போட்டு ஃபோர்மலினில போடுங்க. நேரே போட்டா சுருங்கிப்போகும்.

சுரண்டினதைத் தண்ணிக்குள்ள தள்ளாதீங்க. கரையில காயவிடுங்க.

பாசிக்குடா: படம் அனுப்பியிருக்கன். என்ன இனம்?

மடல் எத்தனை?

கல்முனை: நான் சின்ன வயசில இதைக் கண்டதே இல்ல. வந்தேறிதான்.

காணாதது சாட்சி இல்ல தம்பி. விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1902இல் மன்னார் முத்துக்குளிப்பை ஆராய வந்தார். அவர்ர அறிக்கை 1903 - 1906இல் வந்தது. அதுக்கு முன்னமே பல நூற்றாண்டு கப்பல் வந்துபோன கடல் இது. அதால அப்படிப் பழைய பட்டியலில இருந்தாலும் ‘நம்மட இனம்’ எண்டு ஆகாது.

கல்முனை: அப்ப எப்படித்தான் சொல்றது?

நல்ல கேள்வி. இதின்ர குஞ்சு வாற்பேத்தை மாதிரி. பெரும்பாலும் சில மணித்தியாலம்தான் நீந்தும், பிறகு ஒட்டிக்கும். தானா சமுத்திரம் தாண்டாது. அதால கப்பல் அடிப்பாகத்தைச் சந்தேகிக்கிறோம். துறைமுகச் சுவர், மிதவை, போட்டில மட்டும் கிடந்து, பக்கத்துப் பாறையில இல்லையெண்டா சந்தேகம் கூடும். ஒலுவில் துறைமுகச் சுவரையும் வெளிப்பாறையையும் ஒரே நாளில பார்த்து எழுதுங்க. மரபணுவும் வேற கடல் மாதிரியோட ஒத்துவந்தா வந்தேறி எண்டு சொல்லலாம். அதுவரை ‘மூலம் தெரியாதது’ எண்டுதான் எழுதவேணும். பேர் வேற, பிறந்த இடம் வேற.

ஏறாவூர்: சாப்பிடலாமா?

கொரியாவில சில இனங்களைச் சாப்பிடுறாங்க. துறைமுகத்துத் தண்ணிய வடிச்சு வளர்ந்ததை வேண்டாம்.

கல்லடி: மாரி வந்தா வாவிக்குள்ள இருந்ததெல்லாம் அழுகிப்போகுதே?

நன்னீர் கூடி உப்புக் குறையுது மகள். அதைப் பெரும்பாலானது தாங்காது. கடல் பக்கத்தில தப்பினது திரும்ப வரும். மாரிக்குப் பிறகும் பாருங்க.

காத்தான்குடி: இந்தப் படத்தில இருக்கிறது என்ன?

மூன்றாவது தரம் சொல்றன்: மடலை எண்ணுங்க. மாதிரி இருந்தா வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில காட்டுங்க.

வாழைச்சேனை: சேர், நேற்றுச் சுரண்டி வாவிக்குள்ளயே போட்டுட்டம்.

அது கொலனியா (கூட்டமா ஒட்டி) வளர்ற டிடெம்னம் எண்ட கடற்பீச்சி எண்டா, துண்டு துண்டாப் போனாலும் திரும்ப ஒட்டி வளரும். இண்டைக்கே அந்த இடத்தில போய், கிடைக்கிறதை வடிவலையால அள்ளுங்க.