மொட்டை மாடி சோலார்: கேட்டவங்களுக்கு பதில்

சென்னைல வீட்டு மாடிக்கு சோலார் போட்டுத் தர்றதுதான் என் வேலை, அனுப்பின கேள்விக்கெல்லாம் தெரிஞ்சத சொல்றேன்.

வேளச்சேரி: அண்ணா, மே மாச வெயில்லதான கரண்ட் அள்ளும்?

வெளிச்சம்தான் வேணும் தம்பி, சூடு ஆகாது. சிலிக்கான் செல் மேல வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் நகருது, ஒரே திசைல ஓடுற அந்த டிசி கரண்ட்ட இன்வெர்ட்டர்ங்கிற பெட்டி, வீட்டுக்கு வேண்டிய திசை மாறி மாறி ஓடுற ஏசி கரண்ட்டா மாத்தி விடுது. செல் 25 டிகிரிய தாண்டினா ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் பவர் குறையும், அக்னி நட்சத்திரத்துல பேனல் 60 டிகிரி வரைக்கும் போறப்போ பத்து சதவீதத்துக்கு மேல பவர் குறைஞ்சிடும். அதனால தளத்தோட ஒட்டாம, அடில காத்து போற மாதிரி தூக்கிப் போடுங்க.

பெரம்பூர்: கரண்ட் கட் ஆனா ஃபேன் ஓடுமா சார்?

ஆன்கிரிட்னா, அதாவது பேட்டரி இல்லாம இபி லைனோட சேத்துப் போடுறதுன்னா, ஓடாது சார், வெயில் கொளுத்தினாலும் ஓடாது. இபி சப்ளை நின்னதும் இன்வெர்ட்டர் தானா ஆஃப் ஆயிடும், லைன்மேன் கம்பத்துல ஏறி வேலை பாக்குறப்போ நம்ம மாடி கரண்ட் கம்பில போனா அவர் உயிருக்கு ஆபத்து, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. விக்க வர்றவங்க நிறைய பேர் இத சொல்றதே இல்ல, எனக்கு ரொம்ப கோபம் வர்ற விஷயம் இது. கட்டாயம் வேணும்னா பேட்டரியோட ஹைப்ரிட் போடணும், செலவு நல்லாவே ஏறும்.

திருவான்மியூர்: உப்புக்காத்துக்கு தாங்குமா?

கண்ணாடி தாங்கும், ஸ்டாண்டும் போல்ட்டும்தான் துரு பிடிக்கும். அலுமினியம் இல்லன்னா ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்த இரும்பு) ஸ்டாண்ட், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுன்னு கேட்டு வாங்குங்க. 2016 வர்தா புயல பாத்த ஊரு இது, ஸ்டாண்ட் பிடிமானத்துல காசு மிச்சம் பிடிக்காதீங்க. கழுவுறதுக்கு உப்பு போர் தண்ணி வேண்டாம், கறை படிஞ்சிடும்.

அம்பத்தூர்: 3 கிலோவாட் போட்டா லாபமா?

உங்க பில்லுதான் பதில் சொல்லும் மேடம். கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரியா 4 யூனிட்னு வச்சா ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட் வரும், 2024ல மத்திய அரசு ஆரம்பிச்ச பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம். ஏசி ஓடி 600, 700 யூனிட் போற வீட்டுக்கு தாராளமா போடலாம். 200 யூனிட்டுக்குள்ள முடியுற வீடுன்னா அதுலயே 100 யூனிட் இலவசம், அவசரமே வேண்டாம்.

மாம்பலம்: தண்ணி டேங்க் நிழல் ஒரு பேனல்ல மட்டும் விழுது, பரவால்லயா?

பரவால்லன்னு விட்டுடாதீங்க, எல்லா பேனலும் சீரிஸ்ல, அதாவது ஒரே கரண்ட் ஒண்ணு விட்டு ஒண்ணுக்குப் போற மாதிரி சங்கிலியா இருக்கு, ஒண்ணு மேல நிழல் விழுந்தா மொத்த வரிசையும் அடி வாங்கும். நிழல் விழுந்த பகுதிய சுத்தி கரண்ட்ட வேற வழில விடுற பைபாஸ் டையோடு பேனல்ல இருக்கும், அது ஓரளவுக்குத்தான் காப்பாத்தும். டிசம்பர்ல சூரியன் தெக்கால சாஞ்சிடும், தெக்குப் பக்கம் அபார்ட்மெண்ட் இருந்தா நிழல் இன்னும் நீளும், அதனால அந்த மாசம் காலை 9லேர்ந்து 3 மணி வரைக்கும் மணிக்கொரு போட்டோ எடுத்துட்டு, அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.