தொழிற்சாலையின் குரல் அமைச்சுக்கு எட்டுவது எப்படி? – கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஆள் நிர்வாகமும் சம்பளக் கணக்கும் பார்க்கிறேன். அரசாங்கத்துக்கு மனு எழுதுவதும் என் பொறுப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

கேள்வி (பட்டர்வொர்த், பிளாஸ்டிக் தொழிற்சாலை): புதிய விதிகள் பத்திரிகையில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. முன்னாடியே தெரிந்துகொள்ள வழி உண்டா, அக்கா?

உண்டு தம்பி. மலேசிய உற்பத்தித்திறன் கழகத்தின் பொதுக் கலந்தாய்வு இணையத்தளத்தில் அரசாங்க இலாகாக்கள் வரைவு விதிகளைப் போட்டுக் கருத்துக் கேட்கின்றன. கெடு நீளமாக இருக்காது. அலுவலகத்தில் ஒருவர் வாராவாரம் பார்த்தே ஆக வேண்டும். பட்ஜெட் பெரும்பாலும் அக்டோபரில் தாக்கலாகும். நிதி அமைச்சு பல மாதம் முன்பே கருத்துக் கேட்கத் தொடங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் மனு கொண்டுபோவது பந்தி முடிந்த பிறகு இலை போடுவது போலத்தான்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): எந்தச் சங்கத்தில் சேரலாம்?

1968-இல் தொடங்கிய மலேசிய உற்பத்தியாளர் சம்மேளனத்துக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. தொழிற்சாலை நடத்துபவருக்கு என் முதல் சிபாரிசு அதுதான். நம் இந்திய வணிகர்களுக்கு மைக்கி என்ற இந்திய வர்த்தகத் தொழிலியல் சங்கங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. சந்தா கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் எதில் சேர்ந்தும் பயனில்லை.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): குறைந்தபட்சச் சம்பளம் பற்றிக் கடிதம் எழுதினோம், பதிலே வரவில்லை. எப்படி எழுத வேண்டும்?

"எங்களால் தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதினால் அதிகாரியால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. உங்கள் சம்பளப் பட்டியலை எடுங்கள். 2025 பிப்ரவரி 1 முதல் 1,500 ரிங்கிட் 1,700 ஆனது. அந்தச் சம்பளத்தில் 18 உள்ளூர்த் தொழிலாளர்கள் இருந்தால் மாதம் 3,600 ரிங்கிட் கூடுதல். முதலாளி கட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, அதில் இன்னொரு 468. அப்புறம் ஓவர்டைம்: ஏறிய 200 ரிங்கிட்டை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்து ஒன்றரையால் பெருக்குங்கள், மணிக்கு 1.44 ரிங்கிட் ஏறுகிறது. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் அடக்குங்கள்.

கோரிக்கையும் குறிப்பாக இருக்கட்டும். ரத்து செய்யச் சொன்னால் கதவு சாத்தப்படும்; தொழிலாளிக்கும் அந்தப் பணம் தேவைதானே. அவகாசம் கேளுங்கள். ஐந்து பேருக்கும் குறைவானவர்களை வைத்திருந்த சிறு முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 1 வரை தள்ளிக் கொடுத்தார்கள்.

கேள்வி: தீபாவளிக்கு அதிகாரிக்கு ஹேம்பர் (பரிசுக் கூடை) அனுப்பலாமா?

வேண்டவே வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. ஊழியர் ஒருவர் கம்பெனிக்காக லஞ்சம் கொடுத்தால் கம்பெனியே குற்றவாளிக் கூண்டில் நிற்கும், இயக்குநர்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

கேள்வி (பிறை): சட்டம் நிறைவேறிய பிறகு ஏதாவது செய்ய முடியுமா?

தேதியை நகர்த்த முடியலாம். வேலைச் சட்டத் திருத்தம் 2022 செப்டம்பர் 1-இல் அமலாக வேண்டியது. முதலாளிமார் தரப்பு அவகாசம் கேட்டது. 2023 ஜனவரி 1-க்குத் தள்ளிவைத்தார்கள். ஆனால் தேதிதான் நகர்ந்தது; வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆக்கிய விதி மாறவில்லை.