கல்யாணப் பந்தியிலும் சம்பந்தி வீட்டு விருந்திலும் மாவுச்சத்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 54. தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு உள்ளது. காலையும் இரவும் மெட்ஃபார்மினும், காலையில் மட்டும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவர் சொன்னபடி ஐந்து மாதங்களாக மாவுச்சத்தை நாளொன்றுக்கு 120 கிராம் அளவில் நிறுத்தியதில், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4-லிருந்து 6.9-க்கு இறங்கியிருக்கிறது. வீட்டில் சாப்பிடும்வரை சிரமமில்லை. ஆனால் இந்த ஆவணியில் மட்டும் நான்கு கல்யாணங்கள்; அவற்றுள் ஒன்று நாத்தனார் மகனுடையது. புதிதாகச் சம்பந்தம் செய்த வீட்டுக்கும் விருந்துக்குப் போக வேண்டும். “ஒரு நாள்தானே” என்று வற்புறுத்துகிறார்கள். மறுத்தால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. நாங்கள் சைவம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஓர் ஒப்புதல். மருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய கேள்விக்கு “வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்” என்றுதான் நானும் பதில் சொல்லிவந்தேன். அது பயனற்ற அறிவுரை என்பதை நோயாளிகளே எனக்குக் கற்பித்தார்கள். நம் ஊரில் இலையில் விழுவதை மறுப்பது உணவை மறுப்பதாக மட்டும் கொள்ளப்படுவதில்லை. அழைத்தவரையே மறுப்பதாகக் கொள்ளப்படுகிறது. எனவே உபசாரத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டு, அதிலுள்ள சோற்றையும் இனிப்பையும் மட்டும் குறைத்துக்கொள்ளும் வழியைத்தான் நாம் தேட வேண்டும். இதற்கு மன உறுதியைவிட முன்னேற்பாடே அதிகம் தேவைப்படும்.

உங்கள் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உண்பதையே பொதுவாகக் குறைந்த மாவுச்சத்து உணவுமுறை என்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த இண்டியாப் ஆய்வில் 18,090 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட கட்டுரை, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள் தங்கள் கலோரியில் 49 முதல் 54 விழுக்காட்டை மட்டும் மாவுச்சத்திலிருந்து பெறுவது நல்லது என்று பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 1600 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது ஏறக்குறைய 200 கிராம். உங்கள் 120 கிராம் அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு. ஆகவே ஒரு முகூர்த்த நாளில் அது 150, 160 கிராம் ஆகிவிட்டால் ஐந்து மாத உழைப்பு வீணாகிவிடாது. பந்தியில் எந்தக் கணக்கும் இல்லாமல் அமர்ந்தால் அந்த ஒரு வேளையிலேயே 200 கிராமைத் தாண்டிவிட முடியும் என்பதுதான் சிக்கல். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு கப், ரசத்துக்கு ஒரு கப், மோருக்கு ஒரு கப் என்று வாங்கினால் சோறு மட்டுமே 135 கிராம் ஆகிவிடும். பாயசமும் லட்டும் அப்பளமும் அதற்கு மேல்.

ஆனால் இனிப்பைவிட முன்னதாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் காலையில் எடுத்துக்கொள்ளும் கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மருந்து. முகூர்த்த நாளில் விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய், வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டு, “மாவுச்சத்து வேண்டாம்” என்று சிற்றுண்டியில் இட்லியையும் பொங்கலையும் ஒதுக்கிவிட்டு, பந்தி கிடைக்காமல் இரண்டு மணி வரை நிற்பவருக்குச் சர்க்கரை ஏறுவதைவிட இறங்கிவிடும் ஆபத்தே அதிகம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். பட்டுப் புடவையுடன் கூட்ட நெரிசலில் நிற்கும்போது வியர்ப்பதையும் படபடப்பதையும் புழுக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆகவே குளுக்கோமீட்டர் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்; காரில் விட்டுவிட்டு வராதீர்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் 70-க்குக் கீழேயே இருந்தால் அதே அளவு மீண்டும். சோதித்துப் பார்க்க வசதியில்லாத நிலையில் அடையாளங்களே போதும், காத்திருக்க வேண்டாம். மண்டபம் முழுவதும் இனிப்பு இருக்கிறதே என்று லட்டை எடுத்து வாயில் போடுவது இதற்குச் சரியான மருந்தன்று. அதிலுள்ள நெய் சர்க்கரை உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இதை வாசிப்பவர்களில், மாவுச்சத்து குடலில் செரிப்பதைத் தாமதப்படுத்தும் வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால், அவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகவே வேலை செய்யும். குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்.

மூன்று மாதச் சராசரி 6.9-க்கு இறங்கிய பிறகும் பழைய அளவிலேயே கிளிமிபிரைடு தொடர்கிறதா என்பதை, முதல் கல்யாணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு இம்மருந்தின் அளவையும் குறைக்க வேண்டிவருவது வழக்கம்; ஆனால் அதை அவர்தான் செய்ய வேண்டும். இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கமும் நம்மிடையே உண்டு: “இனிப்பு சாப்பிட்டுவிட்டு ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்” என்று பக்கத்து இலைக்காரர் சொல்லுவார். மெட்ஃபார்மின் அப்படி ஒரு வேளை உணவை ஈடுசெய்யும் மருந்தன்று. கிளிமிபிரைடைக் கூட்டினாலோ, அது சில மணி நேரம் கழித்து நடு இரவில் சர்க்கரையை இறக்கிவிடக் கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்துவதோ, விருந்துக்கு ஈடாக மறுநாள் பட்டினி கிடப்பதோ வேறு வகையில் ஆபத்தானது. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று அது வெளிப்படலாம்.

இனிப் பந்திக்கு வருவோம். வாழையிலைச் சாப்பாட்டைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். பஃபே முறையைவிட அது நமக்குச் சாதகமானது என்பது என் கருத்து. சோறு வருவதற்கு முன்பே கோசுமல்லி, பச்சடி, பொரியல், கூட்டு, அவியல் ஆகியவை இலையில் வந்துவிடுகின்றன. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, மாவுச்சத்தைக் கடைசியாக உண்டால், அதே உணவுக்கே சர்க்கரை குறைவாக ஏறுகிறது. நியூயார்க்கில் உள்ள வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்துவந்த 11 பேர் இப்படி வரிசை மாற்றி உண்டபோது, ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சுமார் 37 விழுக்காடு குறைவாக இருந்தது. பதினொருவர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் செலவில்லாத இந்த வழியைக் குளுக்கோமீட்டரை வைத்து நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். எனவே சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திராமல், காய்களைச் சாப்பிடத் தொடங்கிவிடுங்கள். பயத்தம்பருப்புக் கோசுமல்லியையும் பருப்பு சேர்த்த கூட்டையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கு வறுவலையும் சேனை வறுவலையும் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டும் மாவுச்சத்துதான்.

கேட்டு வாங்குவதில் இன்னொரு பயனும் உண்டு. “எனக்குச் சுகர்” என்று சொன்னால் உபசாரம் நிற்பதில்லை. அதற்குப் பதிலாக நாவல் கொட்டைப் பொடி முதல் கருப்பட்டி வரை ஆலோசனைகள் தொடங்கிவிடும். “அந்த அவியலை இன்னொரு கரண்டி போடுங்கள், நன்றாக வந்திருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். விருந்து கொடுப்பவர் எதிர்பார்ப்பது இந்தச் சொல்லைத்தான். சோறு எத்தனை கரண்டி விழுந்தது என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. சோற்றுவாளி வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டிப் “பாதிக் கரண்டி போதும்” என்று விழுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு வீணாக்க மனம் வராது; நம் தலைமுறைக்கு இலையில் சோற்றை மிச்சம் வைப்பது பாவம் என்றே சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

மூன்று சுற்றுச் சோற்றில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், உங்களுக்கு மிகப் பிடித்த ஒன்றை என்பேன். பருப்பும் நெய்யுமோ, வத்தக்குழம்போ, அதற்கு மட்டும் அரை கப் முதல் முக்கால் கப் சோறு வாங்குங்கள். ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிடலாம், மோரையும் அப்படியே. இனிப்பு இலையில் முதலில் வந்தாலும் வெறும் வயிற்றில் அதைத் தொடாமல், சாப்பாடு முடிந்த பிறகு பாதி லட்டு அல்லது இரண்டு வாய் பாயசம், இரண்டில் ஒன்று, உண்ணலாம். அதை முழுவதும் தவிர்க்கச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது: நான்கு கல்யாணத்திலும் ஒரு துளிகூடத் தொடாதவர்கள் ஐந்தாவதில் நான்கு லட்டு சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பீடாவை விட்டுவிடுங்கள், அதற்குள் இருப்பது குல்கந்து. வெறும் வெற்றிலை பாக்கில் இனிப்பு ஏதும் இல்லை என்றாலும், பாக்கைப் பரிந்துரைக்க மருத்துவராக எனக்கு மனமில்லை. சாப்பிட்டதும் நாற்காலியில் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மண்டபத்தைச் சுற்றி வாருங்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்ள அந்தச் சிறு நடை உண்மையாகவே உதவுகிறது.

காலைச் சிற்றுண்டியில், மேலே சொன்ன மாத்திரைக் காரணத்தால், மாவுச்சத்தை முற்றிலும் ஒதுக்காதீர்கள். ஓர் இட்லியில் ஏறக்குறைய 12 கிராம் மாவுச்சத்து உண்டு. இரண்டு இட்லி, ஓர் உளுந்து வடை, சாம்பார் என்று நிறுத்தினால் போதும். பூரியையும் கேசரியையும் மறந்துவிடலாம்.

கல்யாணத்தைவிடப் பத்திரிகை வைக்கப் போகும் நாள்களே பலருக்குக் கணக்கைக் கெடுக்கின்றன. வீட்டுக்கு வீடு காபி; ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 8 முதல் 10 கிராம். ஐந்து வீடு ஏறி இறங்கினால் நான்கு இட்லியின் மாவுச்சத்து, ஒரு வாய் உணவும் உண்ணாமலேயே உள்ளே போய்விடுகிறது. காபியைக் கலப்பதற்கு முன்பே, வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே, “எனக்குச் சர்க்கரை இல்லாமல்” என்று சொல்லிவிடுங்கள். கலந்து கொண்டுவந்த பிறகு சொன்னால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு இரட்டை வேலை. நீர்மோர் கேட்டால் இன்னும் நல்லது. பானகமும் பழச்சாறும் வேண்டாம்.

சம்பந்தி வீட்டு விருந்து இதனினும் நுட்பமானது. அங்கே கூட்டத்தில் மறைந்துகொள்ள முடியாது. அங்கே போய் உட்கார்ந்த பிறகு மறுப்பது, நாள் முழுவதும் அடுப்படியில் நின்ற சம்பந்தியம்மாவை வருத்தும். இரண்டு நாள் முன்பே நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். மகனையோ மகளையோ தூது அனுப்பாதீர்கள், செய்தி திரிந்துவிடும். அப்போதும் “இது ஆகாது, அது ஆகாது” என்ற பட்டியலாகச் சொல்லாமல், கேட்பதாகச் சொல்லுங்கள்: “மத்தியானம் நான் சோறு கொஞ்சமாகத்தான் சாப்பிடுவேன் சம்பந்தி, உங்கள் கையால் ஒரு கொண்டைக்கடலைச் சுண்டலும் கீரை மசியலும் இருந்தால் எனக்கு அதுவே விருந்து.” பன்னீர், தயிர்ப் பச்சடி, வேர்க்கடலை சேர்த்த பொரியல் ஆகியவற்றையும் இப்படிக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: உங்கள் மேல் உள்ள அன்பால் அவர்கள் தினையரிசிப் பொங்கலும், வெல்லம் போட்ட பாயசமும், “சுகர் ஃப்ரீ” மைசூர்பாகும் செய்து வைத்திருக்கக்கூடும். சிறுதானியங்களில் நார்ச்சத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் 100 கிராம் தினையிலும் வரகிலும் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, எனவே அளவு சோற்றின் அளவேதான். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இரத்தத்துக்குள் போனபின் சர்க்கரையிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை. சர்க்கரை சேர்க்காத இனிப்பிலும் மாவு இருக்கும். இரண்டு வாய் உண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மீதியை மற்றவர்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள். கோயில் பிரசாதத்துக்கும் இதே முறைதான்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள், முதல் வாய் உண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 240 என்று வரலாம். இலக்கு 180-க்குள் என்பதால் மனம் சோரும். அதற்குத் தண்டனையாக இரவு உணவைக் கைவிட வேண்டாம். வழக்கமான குறைந்த மாவுச்சத்து உணவையே அளவாக உண்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை எண்ணுடன் சேர்த்துக் குறித்துவையுங்கள். மூன்று மாதச் சராசரியை ஒரு பந்தி மாற்றிவிடாது. விருந்துக்குப் பின் வீட்டில் நடப்பதுதான் மாற்றும். நான்கு கல்யாணத்துத் தாம்பூலப் பைகளும் சீர்ப் பலகாரமும் குளிர்பதனப் பெட்டியில் அடுக்கப்பட்டு, மாலைக் காபியோடு தினமும் ஒரு முறுக்கும் பாதி லட்டுமாக இரண்டு வாரம் ஓடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பை வீட்டுக்கு வந்த மறுநாளே இனிப்பையும் காரத்தையும் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று கொடுத்துவிடுங்கள். தேங்காயை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்து குறைவானது, வாரம் முழுவதும் பொரியலுக்கு ஆகும்.