செவ்வாயும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

வணக்கம்.

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: “செவ்வாயில ஐஸ் இருக்கு, நாளும் எங்கட மாதிரி 24 மணித்தியாலம், வளி முழுக்கக் காபனீரொட்சைட்டு. மரம் வைச்சா ஒட்சிசன் வரும்தானே? பிறகேன் டீச்சர் இன்னும் ஆக்கள் போய் இருக்கேல்ல?” மரம் வைத்தால் ஒட்சிசன் வரும் என்று படிப்பித்ததே நான்தான். இந்த ஆசையை வளர்க்கவா, அடக்கவா? பிள்ளைகள் கையால் செய்து பார்க்கக்கூடியது ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வளருங்கள். அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் சரி. செவ்வாயின் நாள் 24 மணி 39 நிமிடம். துருவங்களில் பனிக்கட்டி உண்டு. வளியில் 95 வீதம் காபனீரொட்சைட்டு, ஆனால் அதன் அமுக்கம் எங்கள் வளியமுக்கத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே மரத்தையும் ஆளையும் ஒரே வீட்டுக்குள் வைத்து அடைக்க வேண்டும். அவன் கணக்கில் விடுபட்டது அந்த வீட்டின் மண்ணும் சுவரும்.

முதலில் ஓர் ஆளின் ஒரு நாள் தேவையைப் பலகையில் எழுதுங்கள். ஒட்சிசன் ஏறத்தாழ 840 கிராம். வெளியே விடும் காபனீரொட்சைட்டு ஒரு கிலோ. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பேர்சிவியரன்ஸ் ஊர்தியில் போன மொக்சி என்ற 17 கிலோ கருவி, செவ்வாயின் வளியை 800 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, மின்னால் பிரித்து ஒட்சிசன் எடுத்தது. 2021 முதல் 2023 வரை 16 தடவை ஓடிக் கிடைத்தது மொத்தம் 122 கிராம். ஓர் ஆளுக்கு மூன்றரை மணித்தியால மூச்சு. அதன் உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். அந்த வேகத்தில் இரவு பகலாக ஓடும் மூன்று மொக்சிகள் இருந்தால் ஓர் ஆள் உயிரோடிருக்கலாம். சின்னக் கருவிதான். ஆனால் வேறொரு கோளின் வளியில் இருந்து மனிதர் ஒட்சிசன் எடுத்தது அதுவே முதல் தடவை. பிள்ளைகளுக்கு இதை மகிழ்ச்சியோடு சொல்லுங்கள்.

இனி மரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனாவில் ‘பயோஸ்பியர் 2’ என்ற பெரிய கண்ணாடி வீடு இருக்கிறது, மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். 1991 செப்ரெம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை அடைத்தார்கள். மரம், பயிர், குளம், சிறு கடல் எல்லாம் உள்ளேயே இருந்தன. 20.9 வீதமாக இருந்த ஒட்சிசன் பதினாறு மாதத்தில் 14 வீதமளவுக்கு இறங்கிவிட்டது. மலையுச்சியில் இருப்பவர்களைப் போல மூச்சு வாங்கியது, நித்திரை கெட்டது. 1993 ஜனவரியில் வெளியில் இருந்து ஒட்சிசன் ஏற்றினார்கள்.

காரணம் மண். விளைச்சல் நன்றாக வரட்டும் என்று உக்கல் நிறைந்த மண்ணைப் போட்டிருந்தார்கள். அதைத் தின்ற பற்றீரியாக்கள் மரங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலான ஒட்சிசனை இழுத்தன. ஆனால் காணாமற்போன ஒட்சிசனுக்கு ஈடாகக் காபனீரொட்சைட்டு கூடவில்லை. அது எங்கே போனது? கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடையைச் சுவரில் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்த கொங்கிறீற்றின் சுண்ணாம்பு காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் கல்சியம் காபனேற்றாகி இருந்தது. மரம் திருப்பித் தந்திருக்க வேண்டிய ஒட்சிசன் அதோடு சேர்ந்து சுவருக்குள் போய்விட்டது.

இதை உங்கள் வகுப்பறையிலேயே பார்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டு, மூடிக் குலுக்கி ஓரிரவு வையுங்கள். ஈரமான புதுச் சுண்ணாம்பாக இருக்கட்டும். திறந்து கிடந்து காய்ந்து கட்டிப்பட்டது பெரும்பாலும் ஏற்கெனவே காபனேற்றாகி இருக்கும். மேலே தெளிந்த நீரில் பாதியை ஒரு சிறு போத்தலில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். மீதியை அகன்ற தட்டில் திறந்து வையுங்கள். தட்டின் மேல் பாலாடை போல ஒரு வெள்ளைப் படலம் கட்டும். ஊசியால் தொட்டால் துண்டு துண்டாக உடையும். போத்தலில் இருப்பது தெளிவாகவே இருக்கும். இரண்டு மூன்று நாள் சேர்ந்த படலத்தை வழித்தெடுத்து ஒரு துளி வினாகிரி விடுங்கள். நுரைக்கும். வகுப்பறைக் காற்றில் இருந்து போன காபனீரொட்சைட்டுத்தான் திரும்பி வருகிறது. சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணின் பங்கைக் காட்ட இரண்டு ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தல் போதும். இரண்டிலும் மூன்று விரல் உயரம் கழுவிய ஆற்றுமணல், குளத்து நீர், நாலைந்து தண்டு ஐதரில்லா என்ற நீர்ச்செடி, இரண்டு சிறு நீர்நத்தை. ஒன்றின் மணலுக்கு அடியில் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி மாட்டெரு. மேலே கொஞ்சம் காற்றிடம் விட்டு இறுக மூடி, மெழுகு வைத்து அடையுங்கள். நேர் வெயிலில் வைக்க வேண்டாம். திருமலை வெயிலுக்குப் போத்தல் கொதித்து எல்லாம் அவிந்துபோகும். எருப் போட்டது கலங்கி, அடி கறுத்து, நத்தைகள் நீர்மட்டத்துக்கு ஏறி வரும். ஏறியதும் திறந்து நத்தைகளைக் காப்பாற்றுங்கள். திறக்கும்போது கூழ்முட்டை நாற்றம் வந்தால் அது ஐதரசன் சல்பைட்டு.

உப்புவெளியில் போத்தலுக்குள் ஒட்சிசன் குறைந்தால் மூடியைத் திறந்தால் போதும். அரிசோனாவில் வெளியில் இருந்து ஒட்சிசன் வந்தது. பூமியில் இருந்து செவ்வாய்க்குப் புறப்படத் தோதான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், பயணத்துக்கே ஆறு முதல் ஒன்பது மாதம் போகும். அதுவரை வீடு தன் மூச்சைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். என் பார்வையில் குடியேற்றத்தின் நடுப்பிரச்சினை இதுதான். ரொக்கெற்றைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், உக்கலைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

செவ்வாயின் மண்ணை அள்ளிப் பயிர் வைக்கவும் முடியாது. 2008இல் பீனிக்ஸ் கலம் இறங்கிய இடத்தில் மண்ணில் அரை வீதமளவு பேர்குளோரேற்று உப்பு இருந்தது. அது தைரொயிட்டு சுரப்பிக்கு அயடீன் சேரவிடாது. நீரில் நன்றாகக் கரையும் என்பதால் கழுவி எடுக்கலாம். 2004 கடற்கோளில் எங்கள் கரையோரத்து மண்ணில் ஏறிய உவரையும் தண்ணீர்தான் கழுவ வேண்டியிருந்தது, ஆனால் அதற்கு மாரி மழை வந்தது. அங்கே மாரி இல்லை. பனிக்கட்டியை வெட்டி உருக்கிய நீரால் கழுவி, அந்தக் கழிவுநீரையும் சுத்திகரித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

வீட்டின் பலத்தைப் புறாமலைப் பக்கம் சுழியோடுகிறவர்களை வைத்து விளங்கப்படுத்தலாம். பத்து மீற்றர் ஆழத்தில் கடல் கூடுதலாகத் தரும் அமுக்கம் ஒரு வளிமண்டலம். பூமியைப் போன்ற காற்றை நிரப்பிய செவ்வாய் வீட்டை அதே அளவு அமுக்கம் உள்ளிருந்து வெளியே தள்ளும்: சதுர மீற்றருக்குப் பத்துத் தொன், ஒரு கதவுக்கு இருபது. சிலிண்டர் வால்வின் இறப்பர் வளையத்தில் ஒரு மணல் ஒட்டினாலே காற்று சீறிக்கொண்டு போகும் என்பது சுழியோடிகளுக்குத் தெரியும். செவ்வாயின் தூசு அந்த மணலைவிடப் பல மடங்கு நுண்மையானது.

கதிர்வீச்சுக்குக் கூரையின் மேல் இரண்டு மூன்று மீற்றர் மண் மூட வேண்டும். செவ்வாயில் ஓடும் கியூரியோசிற்றி ஊர்தி அளந்தபடி அங்கே வெளியில் நான்கு நாள் நின்றால், பூமியில் ஓராண்டில் சராசரியாக இயற்கையில் கிடைக்கும் அளவு சேர்ந்துவிடும்.

எருப் போட்ட போத்தலை அந்த மாணவனிடமே பொறுப்புக் கொடுங்கள். மூடிய நாளையும் நத்தை முதலில் மேலே ஏறிய நாளையும் அவன் எழுதி வைக்கட்டும். அடுத்த தடவை எருவைப் பாதியாக்கி, ஐதரில்லாவை இரட்டிப்பாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாட்கணக்கை எனக்கும் அனுப்புங்கள்.