சிறப்புக் கல்வி வகுப்பறைக்கு எதை வாங்குவது, திட்டத்தை எதில் எழுதுவது: கேள்வி பதில்

முதலில் ஒரு சிறப்புப் பள்ளியிலும் அப்புறம் வட்டார வள மையத்திலுமாக எனக்கு 22 வருடம் ஓடிவிட்டது. வகுப்பறைப் பொருட்கள், திட்டமிடல் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (தேனி, பணியில் சேர்ந்து நான்கு மாதம்): அக்கா, எங்கள் பகல்நேர மையத்துக்கு 10,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மார்ச்சுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை 11 பிள்ளைகள். என்ன வாங்கலாம்?

பதில்: மார்ச் வந்தால்தான் நமக்குப் பணமே கண்ணில் படும். என் முதல் மார்ச்சில் கேட்லாக்கைப் புரட்டி, பழங்கள் செதுக்கிய மரப் புதிர்ப் பலகைகள் ஒரு செட் வாங்கினேன். ஆப்பிள், பேரிக்காய், ஸ்ட்ராபெரி. ஒரு பையன் ஸ்ட்ராபெரியை எடுத்து "தக்காளி" என்றான். தப்பு என்று திருத்தினேன். அவன் ஊரில், அவன் வீட்டுச் சமையலறையில் சிவப்பாகக் கையடக்கமாக இருப்பது தக்காளிதான். தப்பு பலகையை வாங்கிய என்னுடையது என்று உறைக்க ரொம்ப நாள் ஆனது. அந்த செட் இன்னும் பீரோவில் புத்தம்புதிதாக இருக்கிறது.

அதனால் பிள்ளைகளைப் பற்றி முழுதாகத் தெரியும் முன் செலவழித்தே ஆக வேண்டுமென்றால், எந்தப் பிள்ளைக்கும் உதவுகிற, நாமே பொருள் செய்துகொள்ள உதவுகிற சாமான்களை வாங்குங்கள். லேமினேஷன் மெஷின் ஒன்று, அதற்கான தாள், வெல்க்ரோ ஒரு சுருள், மூடி போட்ட டப்பாக்கள், விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டுகள், உடையாத முகக்கண்ணாடி ஒன்று. உள்ளூர் தச்சரிடம் சொல்லி இரண்டு உயரத்தில் கால்மணைகள் செய்து வாங்குங்கள். கால் அந்தரத்தில் தொங்குகிற பிள்ளையால் கையை நிலையாக வைத்து வேலை செய்ய முடியாது. மீதியில் நிஜப் பொருட்கள்: பூட்டு சாவி, பெரிய பொத்தான் வைத்த சட்டை, டார்ச் லைட், திருகு மூடி பாட்டில்கள்.

ஒரு விஷயம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கற்றல் உபகரணப் பெட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் தருகிற மத்திய அரசின் ஏடிப் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வருமான வரம்பு உண்டு. மதிப்பீட்டு முகாம் எப்போது என்று விசாரித்துவிட்டு, அதில் வருவதைக் காசு கொடுத்து வாங்காமல் இருங்கள்.

கேள்வி (திருவண்ணாமலை, சிறப்புப் பள்ளி ஆசிரியை): மேடம், மதிப்பீட்டுக்கு எஃப்.ஏ.சி.பி. நல்லதா, எம்.டி.பி.எஸ். நல்லதா? எங்கள் பள்ளியில் இரண்டு கட்சி இருக்கிறது.

பதில்: இரண்டுமே பிள்ளைக்கு என்னென்ன செய்ய வருகிறது என்று குறித்துத் திட்டமிட உதவும் திறன் பட்டியல்கள், நம்ம ஊர் வாழ்க்கையைப் பார்த்து எழுதியவை. அதனால் வெளிநாட்டுச் சோதனைப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொள்வதைவிட இரண்டில் எதுவும் மேல்.

எம்.டி.பி.எஸ். என்பது சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் உருவாக்கியது; பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. 18 பகுதி, பகுதிக்கு 20, மொத்தம் 360 திறன்கள். சாப்பிடுவது, உடுத்துவது, பணம், நேரம், வீட்டு வேலை என்று எல்லாம் வந்துவிடும். பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து எது என்று ஏணிப்படி மாதிரித் தெரியும். பெற்றோரிடம் காட்ட வசதி. ஆனால் செய்கிறான், செய்யவில்லை என்ற இரண்டே கட்டம்தான். பாதி செய்கிறவன் காணாமல் போய்விடுவான்.

எஃப்.ஏ.சி.பி. செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாட்டுக்கென்று இருக்கிற தேசிய நிறுவனத்தில் தயாரானது. முன்தொடக்கநிலையிலிருந்து தொழில் பயிற்சிக்கு முந்தைய நிலை வரை வகுப்பு வாரியாகப் போகும். ஒரு நிலையில் 80 சதவீதம் வந்தால் அடுத்த நிலை. எனக்கு இதில் பிடித்தது குறியீடுகள். உடலைத் தொட்டு உதவினோமா, வாயால் சொன்னோமா, சின்னக் குறிப்பு போதுமானதாக இருந்ததா, தானே செய்தானா என்று தனித்தனியாகக் குறிக்கலாம். அப்புறம் 'வாய்ப்பே கிடைக்கவில்லை' என்பதற்கும் ஒரு குறி இருக்கிறது. அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. பத்து வயதுப் பெண்ணுக்குத் தீக்குச்சி உரசத் தெரியாது என்று எழுதுகிறோம். வீட்டில் அவளை அடுப்படிக்குள்ளேயே விட்டதில்லை என்றால் அது தெரியாமை இல்லையே.

வகுப்பாகப் பிரித்து நடத்துகிற பள்ளி என்றால் எஃப்.ஏ.சி.பி. வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தருகிற பிள்ளைகளுக்கு எம்.டி.பி.எஸ். என் கை வழக்கம் அது. கட்சி கட்டிச் சண்டை போடுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

கேள்வி (சேலம், சிறப்புப் பயிற்றுநர்): தனிநபர் கல்வித் திட்டத்தில் இலக்கு எழுதும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன். 'கணிதத் திறன் மேம்படும்' என்று எழுதினால் மேற்பார்வையாளர் சுழித்துவிடுகிறார்.

பதில்: சுழித்தவருக்கு நன்றி சொல்லுங்கள். மேம்பட்டதா இல்லையா என்று நீங்களும் நானும் தனித்தனியாகப் பார்த்தால் இருவரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடிந்தால்தான் அது இலக்கு.

மாற்றி எழுதிப் பார்ப்போம். '5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் கலந்து கிடக்கும் தட்டிலிருந்து, கேட்ட நாணயத்தை, வாய்மொழி உதவி இல்லாமல், ஐந்துக்கு நான்கு தடவை எடுப்பான். தொடர்ந்து மூன்று நாள்.' இப்போது என்ன பொருள் வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் காசு வேண்டாம், நிஜ நாணயம் போதும். பிளாஸ்டிக் காசில் தேறி, கடையில் நிஜக் காசைப் பார்த்து முழிக்கிற பிள்ளைகள் நிறைய. (10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கிற கடைக்காரர்கள் நம்ம பக்கம் இருக்கிறார்கள். செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும் அப்படித்தான். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போகுமுன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.)

இலக்குகளை வருடத்துக்கு இருபது எழுதாதீர்கள். மூன்று மாதத்துக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து. பதிவு செய்ய ஆளுக்கொரு தபால் அட்டை அளவு அட்டை வைத்திருக்கிறேன். இடப்பக்கம் இலக்கு, வலப்பக்கம் தேதிக் கட்டங்கள். தானே செய்தால் 'தா', சொல்லிச் செய்தால் 'சொ', கை பிடித்துச் செய்தால் 'கை'. கழுத்தில் அடையாள அட்டையோடு தொங்கும். பெரிய ரெஜிஸ்டரில் சாயங்காலம் எழுதலாம் என்று விட்டால், சாயங்காலம் நமக்கு ஞாபகம் இருப்பது அன்றைக்கு அழுத பிள்ளை மட்டும்தான்.

பத்து நாளும் 'கை' என்றே வந்தால் பிள்ளையைக் குறை சொல்லாமல் வேலையைச் சின்னச் சின்னப் படியாக உடையுங்கள். கை கழுவுவது என்பது குழாயைத் திறப்பதில் தொடங்கித் துண்டில் துடைப்பது வரை ஏழெட்டு வேலை. முன் படிகளை நீங்கள் செய்துகொடுத்து, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லித்தந்தால் ஒவ்வொரு தடவையும் முடித்த திருப்தி அவனுக்குக் கிடைக்கும்.

கேள்வி (மதுரை, அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பு ஆசிரியை): கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கிய பையன். தமிழ் வாசிக்கவே வரவில்லை. கடையில் விற்கும் எழுத்து அட்டை எல்லாம் வாங்கிவிட்டேன் டீச்சர்.

பதில்: கடை அட்டையில் அ-வுக்கு அம்மா, ஆ-வுக்கு ஆடு என்று வரிசையாக 247 எழுத்தும் இருக்கும். அவன் சிக்கிக்கொள்வது வேறு இடத்தில் இருக்கலாம். தமிழில் 'கெ' என்று சொல்லும்போது முதலில் க் ஒலி, அப்புறம் எ. எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் காவல். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலிக்கப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். 'கெடு' என்பதை 'எகடு' மாதிரி வாசிக்கிறானா என்று கவனியுங்கள்.

நான் செய்வது இது. க, ப, ம மாதிரி எழுத்துகளை அட்டையில் கறுப்பில் எழுதி, துணைக்கால், கொம்பு வகைகளை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் சிவப்பில் எழுதி வெட்டி வைத்துக்கொள்வேன். பையன் முதலில் கறுப்பைத் தொட்டு ஒலிக்க வேண்டும், பிறகு சிவப்பை எடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் வாய்க்கு அப்புறம்தான் என்பது கை வழியாகப் புரியும். கொம்பு இல்லாத சொற்களில் தொடங்குங்கள்: படம், பட்டம், மரம். துணைக்கால் அப்புறம். கொம்புகள் கடைசி. ல, ள, ழ மூன்றையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். ந, ண, ன-வும் அப்படியே. ஒன்று ஊறிய பிறகு அடுத்தது.

வாசிக்கப் புத்தகம் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, நிலை வாரியாக. உரிமம் திறந்தது, அதனால் ஒரு பக்கத்தின் வாக்கியத்தைச் சுருக்கி உங்கள் பையனுக்கு ஏற்றபடி மாற்றி அச்சடிக்கலாம். மூன்றாம் வகுப்புப் பையனிடம் ஒன்றாம் வகுப்புப் பாடநூலைக் கொடுத்தால் பக்கத்துப் பெஞ்சு சிரிக்கும். கதைப் புத்தகத்தில் வகுப்பு எண் போட்டிருக்காது.

கேள்வி (கோயம்புத்தூர்): ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றாட அட்டவணையைப் படமாக ஒட்டினேன். அவன் திரும்பியே பார்ப்பதில்லை.

பதில்: என்ன படம்? இணையத்திலிருந்து இறக்கிய கார்ட்டூன் என்று நினைக்கிறேன். படம் ஒரு பொருளைக் குறிக்கும் என்பதே சில பிள்ளைகளுக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. அவர்களுக்குப் பொருளையே கொடுங்கள். தட்டு கொடுத்தால் சாப்பாடு, பந்து கொடுத்தால் மைதானம், பை கொடுத்தால் வீடு. அது பழகியதும் அதே தட்டின், அதே பையின் புகைப்படம். அப்புறம் கோட்டோவியம், அப்புறம் சொல். முழு நாளையும் ஒட்டாதீர்கள். 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு கட்டம் போதும். முடிந்த அட்டையை அவனே எடுத்து டப்பாவில் போடட்டும். நான் பார்த்தவரை, அந்த டப்பா வந்த பிறகுதான் பிள்ளைகள் அட்டவணையைக் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள்.

கேள்வி (சென்னை, ஒரு தாய்): என் மகளுக்கு ஏழு வயது, பேச்சு வரவில்லை. டேப்லெட்டில் பேசும் செயலி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று மாமியார் பயப்படுகிறார்.

பதில்: அம்மா, அந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. படம் காட்டிப் பேசப் பழகிய பிள்ளைகளுக்கு அதனால் பேச்சு நின்றுபோவதில்லை. கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்ததும் கத்துவது, அடிப்பது குறைகிறதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

அவாஸ் என்ற செயலி சென்னையிலேயே உருவானது, தமிழிலும் இருக்கிறது, காசு கட்ட வேண்டும். ஆனால் உடனே வாங்க வேண்டாம். முதலில் ஒன்பது படம் ஒட்டிய ஓர் அட்டை. உங்கள் வீட்டுத் தண்ணீர்ச் செம்பு, அவளுக்குப் பிடித்த முறுக்கு, பாட்டி, வெளியே போகும் செருப்பு, 'வேண்டாம்' என்பதற்கு ஒரு படம். இந்த 'வேண்டாம்' அவசியம். பெரியவர்கள் அதைத்தான் மறந்துவிடுகிறோம். அவள் காட்டும்போது மட்டுமல்ல, நீங்கள் பேசும்போதும் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். பாட்டியும் செய்யட்டும், பயம் தானாகப் போகும். அட்டை போதாமல் அவள் உங்கள் கையைப் பிடித்து வேறு எதையோ காட்ட இழுக்கிற நாளில் செயலியைப் பார்க்கலாம். வாங்கிய பிறகு அந்த டேப்லெட்டில் பாட்டு, கார்ட்டூன் எதுவும் ஏற்றாதீர்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): பயிற்சியில் புளியங்கொட்டை, சோழி வைத்து எண்ணிக்கை சொல்லித்தரச் சொன்னார்கள். எங்கள் மையத்தில் பாதிப் பேர் வாயில் போட்டுக்கொள்கிறார்களே?

பதில்: அப்படியானால் அந்தப் பாதிப் பேருக்கு வேண்டாம். தொண்டையில் சிக்கினால் எந்தப் பாடமும் உதவாது. எலுமிச்சம்பழம், கொட்டாங்குச்சி, டம்ளர் மாதிரிப் பெரிதாக வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், கணித ஆசிரியர்): ஆறாம் வகுப்பில் முழுப் பார்வையிழப்புள்ள மாணவி சேர்ந்திருக்கிறாள். நான் என்ன வாங்கி வைக்க வேண்டும்?

பதில்: அவளிடமே முதலில் கேளுங்கள் சார். பிரெய்ல் தெரியுமா, டெய்லர் சட்டம் (குழிகளில் எண் கட்டைகளைச் செருகிக் கணக்குப் போடும் பலகை) பழகியிருக்கிறாளா, அபாகஸா? பழகியதை விட்டு வேறொன்றைத் திணித்தால் ஒரு பருவம் வீணாகும். வடிவியலுக்கு ரப்பர் ஷீட் மேல் பிளாஸ்டிக் தாள் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் கோடு மேடாக எழும்பும். விரலால் தடவிப் படிப்பாள். பள்ளிக் கணினியில் என்.வி.டி.ஏ. போடுங்கள், இலவசத் திரை வாசிப்பான், தமிழும் வாசிக்கும். எல்லாவற்றையும்விட, கரும்பலகையில் 'இதையும் இதையும் கூட்டினால் இது' என்று சொல்லாமல், எண்ணை வாய்விட்டுச் சொல்லி எழுதப் பழகுங்கள். மற்ற நாற்பது பேருக்கும் அது நல்லதுதான்.

கேள்வி (ஈரோடு): ஏ.ஐ.-யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தனிநபர் கல்வித் திட்டம் எழுதித்தருகிறது. பயன்படுத்தலாமா?

பதில்: நானும் கேட்டுப் பார்த்தேன். அழகாக எழுதியது. பிள்ளையைப் பார்க்காமல் எழுதியது என்பதும் தெரிந்தது. ஒரு கதையைச் சுருக்க, ஒரே பாடத்துக்கு மூன்று நிலைப் பயிற்சித்தாள் தயாரிக்க வைத்துக்கொள்ளுங்கள், தமிழைத் திருத்திக்கொண்டு. இலக்கை மட்டும் நீங்களே எழுதுங்கள். பிள்ளையின் பெயர், குறைபாட்டுச் சான்றிதழ், அடையாள அட்டை எண், புகைப்படம் எதையும் அதில் போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலும்தான்.

கேள்வி (அரியலூர்): ஆய்வுக்கு வருகிறவர்கள் சுவர் நிறைய சார்ட் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள் அக்கா. ஆனால் எங்களிடம் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மூன்று பேர்.

பதில்: பிள்ளைகளுக்கு முதுகுப் பக்கம் இருக்கிற சுவரில் எல்லாவற்றையும் ஒட்டுங்கள். முன் சுவர் வெறுமையாக இருக்கட்டும். கேட்டால் மூன்று பேரின் பதிவு அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள், எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்று சார்ட் ஒட்டிய வாரத்துக்கும் கழற்றிய வாரத்துக்கும். அதை எழுதி வைக்கவில்லையென்றால் இந்தத் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள்.